டிஸ்லெக்சியாவும் விசைப்பலகையும்: குழந்தைகளுக்கான தட்டச்சு, கற்றல் மென்பொருள்களின் வரலாறு

டிஸ்லெக்சியா, டிஸ்பிராக்சியா ஆகிய இரண்டும் வளர்ச்சிசார் குறைபாடுகள். அறிவுத்திறனில் எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளிடமும் இவை காணப்படுகின்றன. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்குச் சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்தறிவதும் அவற்றை எழுத்துகளோடு இணைப்பதும் கடினம். அதனால் வாசிப்பு மெதுவாக நடக்கும். எழுத்துப்பிழைகள் தொடர்ந்து வரும். டிஸ்பிராக்சியா உள்ள குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். அதற்கான உடல் அசைவுகளைத் திட்டமிட்டு வரிசையாகச் செய்வதுதான் கடினம். சட்டைப் பொத்தான் போடுவது, பந்தைப் பிடிப்பது, பென்சிலால் எழுதுவது ஆகிய எல்லாமே அதற்குப் பெருமுயற்சி. இரண்டு குறைபாடுகளும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதும் உண்டு.

இரண்டிலும் பள்ளியில் வெளிப்படும் அடையாளம் ஒன்றுதான். வாயால் தெளிவாகச் சொல்லும் பதிலைக் குழந்தையால் தாளில் எழுத முடிவதில்லை. அது சோம்பல் என்றும் கவனக்குறைவு என்றும் நெடுங்காலம் தண்டிக்கப்பட்டது. இன்று இத்தகைய குழந்தைகளுக்கு விசைப்பலகையைப் பழக்குவது பரவலான பரிந்துரை. ஆனால் அதைப் பழக்கும் மென்பொருள்கள் இரண்டு வெவ்வேறு மரபுகளிலிருந்து வந்தவை. ஒன்று அலுவலகத் தட்டச்சர்களைப் பயிற்றுவித்த மரபு. அதன் அளவுகோல் வேகம். மற்றொன்று வாசிக்க இயலாத குழந்தைகளுக்காக மருத்துவர்களும் ஆசிரியர்களும் வளர்த்த கற்பித்தல் மரபு. அதன் அளவுகோல் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள இணைப்பு. ஒரு மென்பொருள் எந்த மரபில் வந்தது என்பது அது ஒரு குழந்தைக்குப் பொருந்துமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

தட்டச்சுப்பொறியின் தொடக்கம்

எழுதும் இயந்திரங்களின் தொடக்ககால வரலாறு உடற்குறைபாடுகளோடு பிணைந்தது. இத்தாலியைச் சேர்ந்த பெல்லக்ரீனோ துர்ரி, பார்வையிழந்த கரோலினா ஃபன்டோனி என்ற பிரபுகுலப் பெண் தானே கடிதம் எழுதுவதற்காக, 1808ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். இயந்திரம் கிடைக்கவில்லை, அதில் எழுதப்பட்ட கடிதங்கள் சில எஞ்சியுள்ளன. டென்மார்க்கில் ராஸ்முஸ் மால்லிங்-ஹான்சன் 1870இல் ‘எழுதும் பந்து’ என்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் கோபன்ஹேகனில் காதுகேளாதோர், வாய்பேசாதோர் பள்ளியின் தலைவராக இருந்தவர். கண்பார்வை மங்கிவந்த தத்துவ அறிஞர் நீட்சே 1882இல் அந்த இயந்திரம் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தினார்.

1874இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் ஷோல்ஸ், கிளிடன் வடிவமைத்த தட்டச்சுப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின் நிலைமை மாறியது. தட்டச்சுப்பொறி அலுவலகக் கருவியானது. 1888 ஜூலை 25 அன்று சின்சினாட்டி நகரில் ஒரு தட்டச்சுப் போட்டி நடைபெற்றது. விசைகளைப் பார்க்காமல் எல்லா விரல்களாலும் தட்டச்சு செய்த ஃபிராங்க் மெக்கரின், லூயிஸ் ட்ராப் என்பவரை அதில் வென்றார். அந்த வெற்றிக்குப் பிறகு பார்க்காமல் தட்டச்சு செய்யும் முறை வணிகக் கல்லூரிகளில் பரவியது. நடுவரிசை விசைகளில் விரல்களை நிறுத்துதல், பொருளற்ற எழுத்துக்கோவைகளைத் திரும்பத் திரும்ப அடித்தல், நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கணக்கிடுதல், பிழைக்கு மதிப்பெண் குறைத்தல் ஆகியவை அந்தப் பாடத்திட்டத்தின் கூறுகள். தமிழ்நாட்டின் தட்டச்சுப் பயிலகங்களில் படித்தவர்கள் அனைவரும் அறிந்த ‘ஏ எஸ் டி எஃப்’ பயிற்சி இந்த மரபைச் சேர்ந்தது. ஏற்கெனவே சரளமாக வாசிக்கவும் பிழையின்றி எழுதவும் தெரிந்த பெரியவர்களுக்காக உருவான பாடத்திட்டம் இது.

சொற்குருடு

அதே காலகட்டத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள், கண்ணில் கோளாறு இல்லாமலேயே வாசிக்க இயலாதவர்களைக் கவனிக்கத் தொடங்கினர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரக் கண் மருத்துவர் ருடோல்ஃப் பெர்லின் 1887இல் வெளியிட்ட நூலில் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அவர் விவரித்தது மூளை பாதிப்புக்குப் பின் வாசிப்பை இழந்த பெரியவர்களை.

குழந்தைகளிடம் இது பிறவியிலேயே இருக்கக்கூடும் என்று முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சீஃபோர்ட் நகர மருத்துவர் பிரிங்கிள் மார்கன். 1896 நவம்பர் 7 தேதியிட்ட பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றிய அவரது குறிப்பு வெளிவந்தது. அவன் புத்திசாலி. எண்களைப் படிப்பதில் தடுமாற்றம் இல்லை. ஆண்டுக்கணக்கில் கற்பித்தும் எளிய சொற்களைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை. தன் பெயரை எழுதும்போது எழுத்துகளை இடம்மாற்றி ‘பிரெசி’ என்று எழுதினான். பாடங்களெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட் 1917இல் ‘பிறவிச் சொற்குருடு’ பற்றிய நூலை வெளியிட்டார். ‘குருடு’ என்ற சொல் குறையைக் கண்ணின் மேல் வைத்தது. சிக்கல் மொழியின் ஒலிகளைக் கையாள்வதில் இருக்கிறது என்ற புரிதல் வலுப்பெற மேலும் அரை நூற்றாண்டு ஆனது.

பல்புலன் கற்பித்தல்

அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1920களில் அயோவா மாநிலத்தின் சிற்றூர்களுக்கு நடமாடும் மருத்துவக் குழுவோடு சென்று, பள்ளியில் பின்தங்கியதாகச் சொல்லப்பட்ட குழந்தைகளைச் சோதித்தார். அவர்களில் பலர் நல்ல அறிவுத்திறன் உடையவர்கள் என்று கண்டு 1925இல் கட்டுரை எழுதினார். எழுத்துகளும் சொற்களும் தலைகீழாகத் தோன்றுவதற்கு மூளையின் இரு பாதிகளுக்கிடையிலான போட்டியே காரணம் என்ற அவருடைய விளக்கம் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் பரிந்துரைத்த கற்பித்தல் முறை நிலைத்தது. கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது, கையால் எழுதுவது ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி ஓர் எழுத்தை ஓர் ஒலியோடு பிணைப்பது அதன் அடிப்படை. அன்னா கில்லிங்ஹம், பெஸ்ஸி ஸ்டில்மன் ஆகிய ஆசிரியைகள் 1930களில் அதை முறையான பாடநூலாக வகுத்தனர்.

கலிஃபோர்னியாவில் கிரேஸ் ஃபெர்னால்ட் இதே காலத்தில் வேறொரு வழியில் சென்றார். குழந்தை தான் எழுத விரும்பும் சொல்லை விரலால் தடவிப் பார்த்து, சொல்லிக்கொண்டே, பின் பார்க்காமல் எழுத வேண்டும். குழந்தை எழுதிய கதையை ஆசிரியர் உடனே தட்டச்சு செய்து தருவார். தன் சொற்களை அச்செழுத்தில் குழந்தை படிக்கும். வாசிப்புச் சிகிச்சைக்குள் தட்டச்சு நுழைந்த தொடக்ககால இடங்களில் இது ஒன்று. இங்கே விசையைத் தொட்டவர் ஆசிரியர், குழந்தை அல்ல.

இங்கிலாந்தில் 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ‘வேர்ட் பிளைண்ட் சென்டர்’ தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராகப் பணியாற்றிய சந்தியா நாயுடு, அங்கு வந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வை 1972இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் உருவானது. லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் டிஸ்லெக்சியா சிகிச்சையகத்தை நடத்திய பீவ் ஹார்ன்ஸ்பி, ஃபிரூலா ஷியருடன் சேர்ந்து 1970களின் நடுவில் ‘ஆல்ஃபா டு ஒமேகா’ என்ற கையேட்டை எழுதினார். ஆங்கில எழுத்துக்கூட்டலை எளிய ஒலிகளிலிருந்து கடினமானவற்றை நோக்கி ஒழுங்காக அடுக்கிய நூல் அது. பின்னாளில் தட்டச்சு மென்பொருள் வரலாற்றில் இது முக்கியமான இடம்பெற்றது.

வகுப்பறையில் தட்டச்சுப்பொறி

பள்ளிக் குழந்தைகள் தட்டச்சு செய்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பேரளவில் சோதித்தவர்கள் அமெரிக்காவின் பென் வுட், ஃபிராங்க் ஃப்ரீமன் இருவரும். தட்டச்சுப்பொறி உற்பத்தியாளர்களின் ஆதரவோடு ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வு 1932இல் வெளியானது. தட்டச்சுப்பொறி கிடைத்த வகுப்புக் குழந்தைகள் அதிகமாக எழுதினார்கள், எழுதுவதை விரும்பினார்கள் என்று அது தெரிவித்தது. அப்போது உலகப் பொருளாதார மந்தநிலை நிலவியது. ஒவ்வொரு வகுப்புக்கும் பொறிகள் வாங்கும் நிலையில் பள்ளிகள் இல்லை.

1960களில் சமூகவியலாளர் ஓமர் கய்யாம் மூர் ‘பேசும் தட்டச்சுப்பொறி’யை உருவாக்கினார். பொறியாளர் ரிச்சர்ட் கோப்ளர் அதன் இயந்திர வடிவத்தை அமைத்தார். சிறு அறை ஒன்றில் குழந்தை அமரும். ஒரு விசையை அழுத்தினால் எழுத்து தாளில் பதியும். அதன் பெயரை இயந்திரம் சொல்லும். அடுத்த கட்டங்களில் இயந்திரம் ஒரு எழுத்தைக் காட்டும். அதற்குரிய விசை மட்டுமே இயங்கும், தவறான விசைகள் அசையா. அதனால் பிழை என்ற ஒன்றே தாளில் விழாது. குழந்தையின் விரல்நகங்களுக்கு விதவிதமான வண்ணம் தீட்டி, அதே வண்ணங்களை விசைகளுக்கும் கொடுத்து, எந்த விரல் எங்கே செல்ல வேண்டும் என்பதைச் சொல்லாமலே பழக்கினார்கள். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளும் இதில் வாசிக்கக் கற்றனர்.

அந்த இயந்திரம் விலை மிகுந்தது. சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. ஆனால் இன்றைய நல்ல மென்பொருள்களின் கூறுகள் அதில் ஏற்கெனவே இருந்தன. விசையை அழுத்தியதும் ஒலி கேட்கிறது. விரலுக்கு வண்ணக் குறி இருக்கிறது. குழந்தை தன் வேகத்தில் செல்கிறது. தவறு அவமானமாவதில்லை.

‘தடுமாறும் குழந்தை’

டிஸ்பிராக்சியாவுக்குத் தனிப்பெயர் கிடைக்கக் காலம் பிடித்தது. ஆர்ட்டன் 1937இல் எழுதிய நூலில் குழந்தைகளின் அசாதாரணமான கைத்தடுமாற்றத்தையும் ஒரு வளர்ச்சிக் குறைபாடாகச் சேர்த்திருந்தார். 1962இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ‘தடுமாறும் குழந்தைகள்’ பற்றித் தலையங்கம் எழுதியது. அமெரிக்காவின் ஜீன் ஏர்ஸ் 1970களில் புலன் ஒருங்கிணைப்பின் கோணத்திலிருந்து இதை விளக்கினார். ஆஸ்திரேலிய நரம்பியலாளர் கப்பே 1975இல் இதைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில் 1987இல் ‘வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்ற பெயர் சேர்ந்தது. 1994இல் கனடாவின் லண்டன் நகரில் கூடிய ஆய்வாளர்கள் அந்தப் பெயரையே பொதுவாகப் பயன்படுத்த முடிவு செய்தனர். பள்ளி வயதுக் குழந்தைகளில் 100க்கு 5 அல்லது 6 பேரிடம் இது இருப்பதாக அந்த வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு குறிப்பிடுகிறது.

இந்தத் தாமதத்துக்கு ஒரு விளைவு உண்டு. கற்றல் மென்பொருள்களில் பெரும்பாலானவை டிஸ்லெக்சியாவை மனத்தில் கொண்டு உருவானவை. டிஸ்பிராக்சியா உள்ள குழந்தைக்கும் அவையே பரிந்துரைக்கப்படுகின்றன. அந்தக் குழந்தைக்குச் சொல்லின் எழுத்துக்கூட்டல் நன்றாகத் தெரிந்திருக்கலாம். விரல்களைத் தனித்தனியே இயக்குவதும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அறிவதும், இரு கைகளையும் ஒத்திசைப்பதும்தான் அதற்குச் சிக்கல்.

கணினிக் காலம்

1976இல் ரே கர்ஸ்வைல் அச்சிட்ட பக்கத்தைக் குரலாக வாசிக்கும் இயந்திரத்தைப் பார்வையற்றோருக்காக அறிமுகப்படுத்தினார். இரண்டு ஆண்டுகள் கழித்து டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே சில்லில் அடங்கிய பேச்சுத் தொகுப்பி ஒரு சொல்லைச் சொல்ல, குழந்தை விசைகளை அழுத்தி எழுத்துக்கூட்ட வேண்டும். மூரின் அறைக்குள் அடங்கிய இயந்திரத்தின் வேலையில் ஒரு பகுதியைக் கையடக்கப் பொம்மை செய்யத் தொடங்கியது.

தனிமேசைக் கணினிகளோடு தட்டச்சுப் பயிற்சி மென்பொருள்கள் பெருகின. அவற்றில் மிகவும் புகழ்பெற்றது 1987இல் வெளிவந்த ‘மேவிஸ் பீக்கன் டீச்சஸ் டைப்பிங்’. மேவிஸ் பீக்கன் என்ற ஆசிரியை கற்பனைப் பாத்திரம் என்பது பலருக்கும் தெரியவில்லை. மென்பொருளில் விளையாட்டும் வண்ணமும் இருந்தன. ஆனாலும் அடிப்படையில் அது வணிகக் கல்லூரிப் பாடத்திட்டத்தையே பின்பற்றியது. நடுவரிசையில் தொடங்கி, வேகத்தை அளந்து, பிழையை எண்ணியது. பின்னாளில் பிபிசியின் ‘டான்ஸ் மேட் டைப்பிங்’ விலங்குப் பாத்திரங்களோடு 4 நிலைகளில் அதே வரிசையைச் சிறுவர்களுக்கு ஏற்ப எளிதாக்கி இலவசமாகத் தந்தது.

இரு மரபுகளும் ஒன்றுசேர்ந்தது 1990களின் தொடக்கத்தில். இங்கிலாந்தில் பிலிப் அலெக்சாந்தர் உருவாக்கிய ‘டச்-டைப் ரீட் அண்ட் ஸ்பெல்’ என்ற பாடத்திட்டம், ஹார்ன்ஸ்பியின் ‘ஆல்ஃபா டு ஒமேகா’ வரிசையை அடித்தளமாகக் கொண்டது. பொருளற்ற எழுத்துக்கோவைகளுக்குப் பதிலாக முழுச் சொற்கள் வந்தன. ஒவ்வொரு சொல்லும் திரையில் தெரியும், காதில் கேட்கும், விரலால் அடிக்கப்படும். ஆர்ட்டன் வகுத்த கண், காது, கை என்ற மூன்றும் விசைப்பலகையில் சந்தித்தன. தட்டச்சு கற்கும்போதே எழுத்துக்கூட்டலும் கற்கப்படுகிறது. ‘வேர்ட்ஷார்க்’ என்ற எழுத்துக்கூட்டல் விளையாட்டு மென்பொருளும் இதே கையேட்டின் சொற்பட்டியல்களைப் பயன்படுத்தியது.

ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதும்போது ‘பி’, ‘டி’ என்ற சிற்றெழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றுக்கொன்று எதிரானவை. டிஸ்லெக்சியா உள்ள பலரும் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். விசைப்பலகையில் ஒன்று இடது ஆள்காட்டி விரலுக்கும் மற்றது இடது நடுவிரலுக்கும் உரியவை. வடிவத்தின் குழப்பத்தை விரலின் நினைவு தீர்க்கிறது. ஆனால் விசைகளின் மேல் பேரெழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கின்றன; பாடநூலிலும் திரையிலும் சிற்றெழுத்துகள் வருகின்றன. விசையைப் பார்த்து அடிக்கும் குழந்தை ஒவ்வொரு முறையும் இரண்டையும் பொருத்த வேண்டியிருக்கிறது. சிற்றெழுத்து ஒட்டிகளை விசைகளில் ஒட்டும் வழக்கம் இதனால் வந்தது.

அதே காலகட்டத்தில் வேறு வகைக் கருவிகளும் வந்தன. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில், உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் குறைந்த விசைகளில் எழுதுவதற்காக, அடுத்த சொல்லை ஊகித்துக் காட்டும் மென்பொருள் 1980களில் உருவானது. முதல் ஓரிரு எழுத்துகளை அடித்தாலே சரியான சொல் பட்டியலில் வந்ததால், எழுத்துக்கூட்டலில் தடுமாறியவர்களுக்கும் அது உதவியது. ஆப்பிள் நிறுவனத்தின் முன்னாள் பொறியாளர்கள் 1993இல் கொண்டுவந்த ‘ஆல்ஃபாஸ்மார்ட்’ வெறும் விசைப்பலகையும் நான்கு வரித் திரையும் மட்டுமே கொண்டது. மின்கலத்தில் இயங்கியது, கீழே விழுந்தாலும் தாங்கியது, விளையாட்டோ இணையமோ அதில் இல்லை. கையெழுத்து வராத குழந்தைகளுக்கு அமெரிக்கப் பள்ளிகள் அதைப் பெருமளவில் வாங்கின. 1996இல் வந்த ‘கர்ஸ்வைல் 3000’, பார்வையற்றோருக்கான வாசிப்புத் தொழில்நுட்பத்தை வாசிப்புச் சிரமம் உள்ள மாணவர்களுக்காக மாற்றியமைத்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ட்ரேஸ் மையத்தில் உருவான சில வசதிகள் விண்டோஸ் 95இலிருந்து இயங்குதளத்திலேயே சேர்க்கப்பட்டன. ஷிஃப்ட் விசையை ஒருமுறை தட்டினால் அழுத்தியபடியே இருப்பதாகக் கொள்ளுதல், விரல் தவறிப் பட்ட விசையைப் புறக்கணித்தல், விசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் எழுத்து திரும்பத் திரும்ப வருவதைத் தாமதித்தல் ஆகியவை அவை. டிஸ்பிராக்சியா உள்ள குழந்தைக்குப் பல விலையுயர்ந்த மென்பொருள்களைவிட இந்த இலவச அமைப்புகள் அதிகம் உதவக்கூடியவை. கணினியிலேயே இருப்பதால் அவை பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

சட்டமும் தேர்வுக்கூடமும்

விசைப்பலகை வீட்டில் இருந்தால் போதாது. வகுப்பிலும் தேர்விலும் அதற்கு அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் கற்றல் குறைபாட்டைக் கல்வி உரிமைக்குள் கொண்டுவந்தது. 1997ஆம் ஆண்டுத் திருத்தம், ஒவ்வொரு குழந்தையின் தனிக்கல்வித் திட்டத்திலும் உதவித் தொழில்நுட்பத்தின் தேவையைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 1978ஆம் ஆண்டு வார்னக் குழு அறிக்கையும் அதைத் தொடர்ந்த 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் சிறப்புக் கல்வித் தேவை என்ற கருத்தை நிலைநாட்டின. அங்குள்ள பொதுத் தேர்வு விதிகள், வகுப்பில் வழக்கமாகத் தட்டச்சு செய்யும் மாணவர் தேர்விலும் அவ்வாறே எழுத இடம் தருகின்றன. ஆனால் எழுத்துப்பிழை திருத்தும் வசதியை முடக்கிவைப்பது பொது விதி. ஊகச்சொற்களையும் பிழைதிருத்தியையும் மட்டுமே நம்பிப் பழகிய குழந்தை தேர்வுக்கூடத்தில் தனித்துவிடப்படுகிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்லெக்சியாவோடு டிஸ்பிராக்சியாவும் அந்த வகைக்குள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2018ஆம் ஆண்டுத் தேர்வுகளிலிருந்து, சிறப்புத் தேவையுள்ள மாணவர் உரிய சான்றிதழின் பேரில் இணைய இணைப்பில்லாத கணினியில் விடைகளைத் தட்டச்சு செய்ய அனுமதித்தது. அதுவரை வழக்கத்தில் இருந்த முக்கிய உதவி, மாணவர் சொல்ல மற்றொருவர் எழுதுவது. கணினி அனுமதியால் தன் விடையைத் தானே எழுதும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைத்தது.

ஆய்வுகள் காட்டுவது

2007இல் இங்கிலாந்தில் கானலி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் கையால் எழுதிய கட்டுரைகளையும் தட்டச்சு செய்த கட்டுரைகளையும் ஒப்பிட்டது. தட்டச்சு முறையாகப் பழகாத குழந்தைகளின் தட்டச்சுக் கட்டுரைகள், அவர்களுடைய கையெழுத்துக் கட்டுரைகளைவிட இரண்டு ஆண்டுகள்வரை பின்தங்கியிருந்தன. விசையைத் தேடும்போது கருத்து கலைந்துவிடுகிறது. பயிற்சியின்றிக் கணினியைக் கொடுப்பது ஒரு சுமையை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பதாகும். எழுதுவதில் பின்தங்கியவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் மார்ஃபியும் கிரகாமும் வெளியிட்ட மதிப்பீடு, கணினியில் எழுதுவது அவர்களுடைய எழுத்தின் தரத்தையும் அளவையும் உயர்த்துவதாகத் தெரிவித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பயன் உண்டு, ஆனால் பழக்கம் வேண்டும் என்பது தெளிவாகிறது.

கையெழுத்தை அடியோடு விடுவதற்கும் ஆதாரம் இல்லை. பிரான்சில் லாங்காம்ப் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளியின் மூத்த குழந்தைகள் தட்டச்சு செய்து கற்ற எழுத்துகளைவிடக் கையால் எழுதிக் கற்ற எழுத்துகளை நன்றாக அடையாளம் கண்டனர். எழுத்துகளின் வடிவத்தைக் கற்கும் வயதில் கைக்கும் இடம் தேவை.

டிஸ்லெக்சியாவுக்கான தனி எழுத்துருக்கள் 2008க்குப் பின் பரவலாயின. ‘டிஸ்லெக்சி’, ‘ஓப்பன் டிஸ்லெக்சிக்’ ஆகியவை அவற்றில் அறியப்பட்டவை. சோதனைகளில் அவற்றின் எழுத்து வடிவம் வாசிப்பை மேம்படுத்தியதாக உறுதிப்படவில்லை. எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி விட்டபோது, இத்தாலிய, பிரெஞ்சு டிஸ்லெக்சியாக் குழந்தைகளின் வாசிப்பு மேம்பட்டதை சோர்ஸி குழுவினரின் 2012ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இடைவெளியை எந்தக் கணினியிலும் செலவின்றிக் கூட்டிக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுத்தல்

இந்த வரலாற்றிலிருந்து, மென்பொருள் தேர்வில் கவனிக்க வேண்டியவை கிடைக்கின்றன. முதலில் குழந்தையின் சிக்கல் எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டும். எழுத்துக்கூட்டலில் இருந்தால், ஒலியோடு முழுச் சொற்களைக் கற்பிக்கும், எளியதிலிருந்து அரியதுக்குச் செல்லும் மென்பொருள் தேவை. பொருளற்ற எழுத்துக்கோவைகள் அந்தக் குழந்தைக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. கை அசைவில் இருந்தால், விசைப்பலகை அமைப்புகள், விசைகளுக்கிடையே தடுப்பாக அமையும் துளைத்தட்டு, கால் தரையில் படும்படியான இருக்கை ஆகியவை மென்பொருளுக்கு முன் வரவேண்டும். பத்து விரல்களும் இயலாவிட்டால் நான்கு விரல்களில் ஒழுங்காகப் பழகுவது போதும்.

கடிகாரத்தை நிறுத்திவைக்க முடிகிறதா என்பது இரு குறைபாடுகளுக்கும் பொதுவான சோதனை. ஓடும் நேரம், விழும் எழுத்துகள், தோற்றதைச் சொல்லும் ஓசை ஆகியவை அலுவலக மரபின் எச்சங்கள். ஏற்கெனவே பலமுறை தோற்ற குழந்தைக்கு அவை மேலும் ஒரு தோல்வி. தவறிய சொல்லை அமைதியாக மீண்டும் தரும் மென்பொருள் சிறந்தது. நாளொன்றுக்குச் சிறிது நேரம் என்று பல மாதங்கள் தொடர்வது, வாரம் ஒருமுறை நீண்ட நேரம் அமர்வதைவிடப் பலன் தரும். திரை நெரிசலின்றி இருக்க வேண்டும்; குரல் தெளிவாக இருக்க வேண்டும்; விசைகளில் விரல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் படம் இருக்க வேண்டும்.

மென்பொருளின் ஆயுளும் கவனிக்கத்தக்கது. ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் இயங்கிய எத்தனையோ கல்வி விளையாட்டுகள், 2020 டிசம்பர் 31 அன்று அதற்கான ஆதரவு முடிந்தபோது இயங்காமல் போயின. கட்டற்ற மென்பொருள்களான ‘டக்ஸ் டைப்பிங்’, ‘ஜிகாம்பிரி’ போன்றவை செலவின்றிக் கிடைக்கின்றன. அவை டிஸ்லெக்சியாவுக்கென உருவானவை அல்ல. ஆனால் சொற்பட்டியலை மாற்றிக்கொள்ளும் வசதி டக்ஸ் டைப்பிங்கில் உண்டு என்பதால், குழந்தை அந்த வாரம் கற்கும் சொற்களை ஆசிரியரே அதில் சேர்க்கலாம்.

தமிழ்ச் சூழல்

சென்னையில் 1990களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தமிழ்நாட்டில் இக்குறைபாட்டைப் பற்றிய விழிப்புணர்வையும் ஆசிரியர் பயிற்சியையும் முன்னெடுத்தது. மென்பொருள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்கு உரியவை. ‘ஆல்ஃபா டு ஒமேகா’ வரிசையைத் தமிழுக்குப் பெயர்க்க முடியாது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து பல ஒலிகளைத் தரும். தமிழில் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாகும் முறை ஒழுங்கானது. தமிழ்க் குழந்தையின் தடுமாற்றம் குறில் நெடில், ஒற்று, ல ழ ள வேறுபாடு, கொம்பும் காலும் இடம்பெறும் முறை ஆகியவற்றில் வெளிப்படுகிறது.

இங்கே விசைப்பலகை அமைப்பே ஒரு கற்பித்தல் கேள்வியாகிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா வகுத்த தட்டச்சுப்பொறி மரபில், தாளில் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் அடிக்கப்படும். ‘கெ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம். காதில் முதலில் கேட்பது மெய்; கை முதலில் அடிப்பது உயிர்க்குறி. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் வரிசை ஒலியைப் பின்பற்றுகிறது. ககரத்தை அடித்து எகரத்தை அடித்தால் ‘கெ’ வரும். ‘கொ’ என்பதன் இரு புறக் குறிகளையும் கணினியே இடுகிறது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்வரிசை பெரும்பாலும் வலக்கையில் அமைந்திருப்பதால் பெரும்பாலான உயிர்மெய்களில் இரு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. ககரத்தை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுகிறது.

ஒலியையும் எழுத்தையும் பிணைக்க வேண்டிய குழந்தைக்கு இந்த அமைப்பு இயல்பாகவே பொருத்தமானது. தானே விழும் புள்ளியை மட்டும் கவனிக்க வேண்டும். ஒற்று எங்கே வரும் என்று கற்கும் நிலையில் உள்ள குழந்தைக்கு அந்த வசதியை நிறுத்திவைத்து, புள்ளியையும் தானே இடப் பழக்கலாம். தமிழ் ஒலிகளை எளியதிலிருந்து அரியதாக அடுக்கி, கேட்டுக்கொண்டே தமிழ் 99இல் தட்டச்சு கற்பிக்கும் பாடத்திட்டத்துக்குத் தேவையான அடித்தளம் இவ்வாறு ஏற்கெனவே இருக்கிறது. அதுவரை, குறில் சொற்களில் தொடங்கி நெடில், ஒற்று என்று வளரும் சொற்பட்டியலை ஆசிரியரோ பெற்றோரோ தயாரித்து, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி, குழந்தை கேட்டுத் தட்டச்சு செய்யும்படி பழக்கலாம். இதற்கு ஒரு சாதாரணக் கணினியும் உரைத் தொகுப்பியும் போதும்.